ஏடிமெகா328பி டாட் போர்டில் யூஎஸ்பி வைக்க எது சரியான வழி?

எடைக்கல்:

அக்கா வீட்டிலிருந்தே பொடி, தொக்கு, வத்தல் எல்லாம் கூரியரில் அனுப்பி வருகிறார். பார்சலை எடை போட்டு, எண்ணைப் பார்த்து, ஸ்பிரெட்ஷீட்டில் தட்டுவதுதான் அவருக்கு எரிச்சலான வேலை. 1480 கிராம் அவசரத்தில் 1840 ஆகிவிட்டால் கூரியர் ஆபீஸில் போய் நின்று பேச வேண்டியிருக்கிறது. அவருக்காக ஒரு எடை மேடை செய்திருக்கிறேன். 10 கிலோ லோடு செல் (எடையை மின்சிக்னலாக்கும் சென்சார்), அந்தச் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 மாட்யூல், ஐசி பேஸில் 28 கால் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 16×2 எல்சிடி, 9 வோல்ட் அடாப்டரும் அதை 5 வோல்ட்டாக்கும் ஒரு 7805-ம். எல்லாம் ஒரே டாட் போர்டில் (துளைகள் நிறைந்த பலகை) கையால் சால்டர் செய்தது. எடை நன்றாகவே காட்டுகிறது.

இப்போது இதில் ஒரு யூஎஸ்பி சாக்கெட் வைத்துக் கணினியோடு சேர்க்க வேண்டும். இதுவரை புரோகிராம் ஏற்றுவதற்கு ஒரு யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டரை (யூஎஸ்பியைச் சிப்பின் சீரியல் கால்களுக்கு மாற்றித் தருவது) ஜம்பர் வயரில் செருகிக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கோலத்தில் அக்கா கையில் கொடுக்க முடியாது, இரண்டாம் நாளே வயர் கழன்றுவிடும்.

தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாக்கெட்டின் டேட்டா கம்பிகளான டி+, டி- இரண்டையும் நேராகச் சிப்பின் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்ற சீரியல் கால்களில் கொடுத்தாலே போதும், தனக்கு ஓடியது என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். சீரியல் மாற்றி சிப் வையுங்கள் என்கிறார்கள், ஆனால் பார்த்த சிப் எல்லாம் எறும்புக் கால், டாட் போர்டில் உட்காராது. வி-யூஎஸ்பி என்று ஒன்று, கூடுதல் சிப்பே வேண்டாம், மென்பொருளே யூஎஸ்பி பேசும் என்கிறார்கள், நம்பலாமா தெரியவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு யூஎஸ்பி உள்ளேயே இருக்கும் வேறு சிப்புக்கு மாறு என்று சொல்பவர்களும் உண்டு. போர்டை மறுபடி முதலிலிருந்து செய்ய மனமில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஊதாகம்பி:

முதலில் அந்த ஆர்எக்ஸ், டிஎக்ஸ் கதையை முடித்துவிடுவோம். முடியாது. டி+, டி- என்பவை போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்ற கணக்கு அல்ல. இரண்டும் சேர்ந்து ஒரே சிக்னலை எதிரெதிர் நிலையில் கொண்டு போகின்றன, போக்கும் வரத்தும் அதே ஜோடியில்தான் மாறி மாறி நடக்கும். மின்னழுத்தம் 3.3 வோல்ட் அளவு, வேகம் குறைந்தபட்சமே வினாடிக்கு 1.5 மெகாபிட், அடுத்தது 12 மெகாபிட். அதற்கும் மேலே, கணினி கேட்காமல் சாதனம் வாயைத் திறக்கக் கூடாது. செருகியவுடன் கணினி நீ யார், உன் வகை என்ன, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் பதில் உடனுக்குடன் போக வேண்டும். 328பி-யில் இருக்கும் யூஆர்டி என்ற சீரியல் பகுதிக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆர்டுயினோ ஊனோ போர்டைப் பாருங்கள், பெரிய சிப்புக்குப் பக்கத்தில் ஏடிமெகா16யூ2 என்று சின்னதாக இன்னொன்று இருக்கும், அது அங்கே இருப்பதே இந்த மொழிபெயர்ப்பு வேலைக்குத்தான். நானோ நகல்களில் அதே வேலையை சிஎச்340 செய்கிறது. நேராகக் கொடுத்து ஓடியது என்பவரிடம் இருந்தது அநேகமாக யூஎஸ்பி தலைக்குள்ளேயே சிப் ஒளிந்திருக்கும் டிடிஎல் கேபிளாக இருக்கும்.

எறும்புக் கால் பயம் வேண்டாம். எம்சிபி2221ஏ என்ற மாற்றி சிப் 14 கால் டிப் (துளையில் இறங்கும் கால்கள்) வடிவிலேயே வருகிறது, ஐசி பேஸில் வைக்கலாம். கிரிஸ்டலும் தேவையில்லை, வியூஎஸ்பி காலுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், சப்ளைக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட், அவ்வளவுதான். ஒரே குறை, அதில் டிடிஆர் கால் கிடையாது. ஊனோவில் புரோகிராம் ஏற்றும்போது தானாக ரீசெட் ஆவது டிடிஆர் காலிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ரீசெட்டுக்குப் போகும் துடிப்பினால்தான். இதில் நீங்கள் ரீசெட் பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்த வேண்டும். டிடிஆர் கட்டாயம் வேண்டுமானால் சிஎச்340சி வாங்குங்கள். ஜி என்று முடிவதற்கு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வெளியே வேண்டும், சி என்று முடிவதற்கு வேண்டாம். கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், சின்ன அடாப்டர் பலகையில் ஒட்டினால் டாட் போர்டுக்கு வந்துவிடும். 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் வி3 காலிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் போட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் கணினி சிப்பை அடையாளம் கண்டாலும் காணும், காணாமலும் போகும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். சீரியலில் எண் கணினிக்கு வந்துவிட்டது, சரி. அது ஸ்பிரெட்ஷீட்டின் கட்டத்துக்குள் எப்படிப் போகும்? அக்காவின் கணினியில் யாராவது ஒரு பைதான் ஸ்கிரிப்ட்டை ஓட விட்டு, கணினி அதற்குக் கொடுக்கும் காம் போர்ட் எண் மாறும்போதெல்லாம் சரிசெய்து கொடுக்க வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான். யூஎஸ்பி எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், சிப் அப்புறம்.

எட்டுபிட்:

ஊதாகம்பி கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு என் பதில்: சீரியல் வேண்டாம், எடை மேடையை ஒரு விசைப்பலகையாக மாற்றுங்கள். பட்டனை அழுத்தினால் மேடையே 1, 4, 8, 0, என்டர் என்று தட்டும். கர்சர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அங்கே எண் விழும், என்டருக்கு அடுத்த வரிக்கு இறங்கும். கடைகளில் பார்கோடு ஸ்கேனர் இப்படித்தான் வேலை செய்கிறது. டிரைவர் வேண்டாம், ஸ்கிரிப்ட் வேண்டாம், விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் சரி, ஓடிஜி கேபிள் போட்டால் கைபேசியிலும் தட்டும்.

இதற்கு வி-யூஎஸ்பி பொருத்தமாக இருக்கும், ஏனென்றால் அது பேசுவது 1.5 மெகாபிட் மெதுவேக யூஎஸ்பி. அந்த வேகத்தை வைத்ததே மவுஸ், கீபோர்டு மாதிரி சாதனங்களுக்காகத்தான். வி-யூஎஸ்பியில் சீரியல் போர்ட் வேடம் போடும் கோடும் சுற்றுகிறது, அந்தப் பக்கம் போக வேண்டாம். சீரியல் வகைக்கு பல்க் எண்ட்பாயிண்ட் என்ற தரவுப் பாதை வேண்டும், மெதுவேகத்தில் அது விதிப்படியே கிடையாது, ஒரு கணினி ஏற்கும், அடுத்தது ஏற்காது. விசைப்பலகை வகைக்கு இந்த வம்பு இல்லை. 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 8 பைட், உங்களுக்கு அதுவே தாராளம்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த அப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் வெளியிட்ட நூலகம் அது. நம்மில் பாதிப் பேர் ஏவிஆர் (328பி-யின் குடும்பம்) சிப்பில் புரோகிராம் ஏற்றப் பயன்படுத்தும் யூஎஸ்பிஏஎஸ்பி கருவிக்குள் ஓடுவதும் அதுதான், அதனால் நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் மேசை மேலேயே கிடக்கலாம். 12, 15, 16, 18, 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களை ஏற்கும், உங்களிடம் 16 இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

சர்க்யூட் இப்படி. டி+ கட்டாயம் ஐஎன்டி0-க்கு (சிப்பின் வேலையை இடைமறித்து உடனே கவனிக்க வைக்கும் இன்டரப்ட் கால்) போக வேண்டும், அதாவது பிடி2, டிப்பில் 4-ம் கால். டி- அதே போர்ட்டில் எங்கும் இருக்கலாம், பிடி4 வசதி, அது 6-ம் கால். ஒவ்வொரு கம்பியிலும் தொடராக 68 ஓம். கம்பியிலிருந்து தரைக்கு 3.6 வோல்ட் ஜீனர் (மின்னழுத்தத்தை அந்த அளவுக்கு மேல் ஏற விடாத டயோடு) ஒன்றொன்று, சாக்கெட் பக்கம். டி- கம்பியிலிருந்து யூஎஸ்பி 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோஓம், இதுதான் நான் மெதுவேக சாதனம் என்று கணினிக்குச் சொல்வது. எல்சிடியை ஆர்டுயினோ எடுத்துக்காட்டு பார்த்து 2 முதல் 5 வரை உள்ள பின்களில் இணைத்திருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், பிடி2-ம் பிடி4-ம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஜீனரில் கவனம். கடையில் 3.6 வோல்ட் ஜீனர் என்று கேட்டால் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் 1 வாட் வகை. அதன் உள் கெப்பாசிட்டன்ஸ் அதிகம், சிக்னலின் விளிம்பையே மழுங்கடித்துவிடும். அரை வாட் அல்லது அதற்கும் கீழ், பிஇசட்எக்ஸ்55 அல்லது பிஇசட்எக்ஸ்79 வரிசையில் கேளுங்கள். வி-யூஎஸ்பி ஓடவில்லை என்று வருகிற புலம்பல்களில் கணிசமான பங்கு இந்த ஒரு பொருளினால்தான்.

ஜீனரே வேண்டாம், சிப்புக்குப் போகும் 5 வோல்ட்டை இரண்டு டயோடில் இறக்கி 3.6 ஆக்கிவிடலாம் என்று இன்னொரு வழியும் உண்டு. அது உங்களுக்கு ஒத்துவராது. அந்த மின்னழுத்தத்தில் 328பி-யை 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது டேட்டாஷீட் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியது, 15-க்குள்தான் அனுமதி. எச்எக்ஸ்711 மாட்யூலும் லோடு செல்லுக்கு 4.3 வோல்ட் அளவு கொடுக்கும்படி ரெசிஸ்டர் வைத்துச் செய்யப்பட்டது, 3.6-ல் அதன் ரெகுலேட்டர் வேலை செய்ய இடமே இருக்காது.

ராத்திரிஷிப்டு:

எட்டுபிட் சொன்னது எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் கேட்கிறேன். புரோ மைக்ரோ என்று ஒரு விரல் நீளப் பலகை விற்கிறது, அதில் இருப்பது ஏடிமெகா32யூ4, ஆர்டுயினோ லியோனார்டோவில் இருக்கும் அதே சிப். யூஎஸ்பி சிலிக்கனிலேயே இருக்கிறது, 12 மெகாபிட் முழுவேகம், 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ். ஆர்டுயினோவோடு வரும் கீபோர்டு நூலகத்தைச் சேர்த்து ஒரு பிரிண்ட்எல்என் வரி எழுதினால் எடை தட்டப்பட்டுவிடும். ஜீனர் வாட் கணக்கு, ஐஎன்டி0, எதுவும் வேண்டாம். ராஸ்பெர்ரி பை பிகோவும் இதே போலத்தான், 2021-ல் 4 டாலருக்கு வந்தது, சர்க்யூட்பைதான் போட்டால் விசைப்பலகை வேலை சில வரிகளில் முடிந்துவிடும், புரோகிராம் ஏற்றப் பட்டனை அழுத்திக்கொண்டு செருகினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். என்ன, எல்லாம் 3.3 வோல்ட், எச்எக்ஸ்711-ஐ 5 வோல்ட்டில் வைத்து அதன் டேட்டா காலை நேராக பிகோவுக்குக் கொடுக்காதீர்கள்.

வி-யூஎஸ்பி ஒரு அழகான வித்தை, மறுக்கவில்லை. ஆனால் அது ஓடும்போது சிப்பின் முழு கவனமும் அங்கேதான், பக்கத்தில் நேரம் பார்த்துச் செய்யும் வேலை ஏதாவது இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். உங்களுக்கு எச்எக்ஸ்711 அப்படி ஒரு வேலை. போர்டை மாற்ற மனமில்லை என்று இப்போது சொல்வீர்கள், பிறகு பார்க்கலாம்.

எடைக்கல்:

எல்லோருக்கும் நன்றி. விசைப்பலகை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அக்காவிடம் சொன்னதும் அதுதான் வேண்டும் என்றுவிட்டார். ராத்திரிஷிப்டு அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் கையில் இருக்கும் போர்டில் இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு ஜீனரும் சேர்த்து முடியுமா என்று பார்க்கத்தான் ஆசை. எட்டுபிட் அவர்களின் சர்க்யூட்டை அப்படியே போட்டேன், அரை வாட் ஜீனர்தான்.

வி-யூஎஸ்பியை மட்டும் ஏற்றி, பட்டனுக்கு 1480 என்று தட்டச் சொன்னால் சுத்தமாகத் தட்டுகிறது. எச்எக்ஸ்711 கோடைச் சேர்த்தவுடன் கணினி விசைப்பலகையை விடுகிறது, மறுபடி பிடிக்கிறது, விண்டோஸில் அந்த டிங் சத்தம் ஓயவில்லை. நூலகத்துக்குள் பார்த்தேன், எடை படிக்கும் நேரம் முழுக்க இன்டரப்ட்டை அணைத்து வைக்கிறார்கள். அந்த வரிகளை எடுத்துவிட்டால் யூஎஸ்பி நிலையாக இருக்கிறது, ஆனால் எடை அவ்வப்போது தாறுமாறாகப் போகிறது, காலி மேடையில் திடீரென்று 6 கிலோ. இன்னொன்று, 1550 என்று தட்டச் சொன்னால் 150 என்றுதான் விழுகிறது.

ராத்திரிஷிப்டு:

பார்த்தீர்களா. சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை, எட்டுபிட் வரட்டும்.

எட்டுபிட்:

வந்துவிட்டேன். இரண்டும் தீரக்கூடியவைதான்.

முதலில் எடை. எச்எக்ஸ்711-ன் கடிகாரக் காலுக்கு இரட்டை வேலை இருக்கிறது. அந்தக் கால் மேலே போய் 60 மைக்ரோசெகண்டுக்கு மேல் அங்கேயே நின்றால் சிப் தூங்கப் போய்விடும், எழும்போது எல்லாம் புதிதாகத் தொடங்கும். நீங்கள் இன்டரப்ட்டைத் திறந்துவிட்டதும் என்ன நடக்கிறது என்றால், கால் மேலே இருக்கும் அந்தக் கணத்தில் யூஎஸ்பி பாக்கெட் வந்துவிட்டால் வி-யூஎஸ்பி அதை முழுக்க முடித்துவிட்டுத்தான் திரும்பும். 8 பைட் பாக்கெட் ஒன்றே மெதுவேகத்தில் 60 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஓடும். அதற்குள் எச்எக்ஸ்711 தூங்கிவிட்டது, மீதி பிட்டுகள் குப்பை, அதுதான் உங்கள் 6 கிலோ. அதற்குப் பயந்துதான் நூலகம் எழுதியவர்கள் 24 பிட்டும் முடியும்வரை இன்டரப்ட்டை அணைத்தார்கள். ஆனால் அவ்வளவு நேரம் அணைத்தால் இந்தப் பக்கம் கணினி கேட்பது யாருக்கும் கேட்காது, சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டு இந்தச் சாதனம் செத்துவிட்டது என்று முடிவு செய்யும். டிங்.

வழி நடுவில் இருக்கிறது. கடிகாரக் கால் கீழே எவ்வளவு நேரம் நின்றாலும் எச்எக்ஸ்711-க்குக் கவலை இல்லை, மேலே இருக்கும்போதுதான் அவசரம். அதனால் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியாக, இன்டரப்ட்டை அணை, காலை மேலே தூக்கு, ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவாக நிறுத்து, கீழே இறக்கு, இன்டரப்ட்டைத் திற, அப்புறம் நிதானமாக டேட்டா காலைப் படி. அடுத்த தடவை கால் மேலே ஏறும்வரை டேட்டா மாறாது, இடையில் யூஎஸ்பி புகுந்து வேலை செய்துவிட்டுப் போனாலும் பிட் அப்படியே காத்திருக்கும். வி-யூஎஸ்பி பொறுத்துக்கொள்ளும் அளவு 12 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் 25 சைக்கிள், 16-ல் இன்னும் கொஞ்சம் தாராளம். டிஜிட்டல்ரைட் போட்டால் அது ஒன்றே அந்த அளவைத் தின்றுவிடும், அதனால் போர்ட் ரெஜிஸ்டரில் நேராக எழுதுங்கள், தூக்க இரண்டு சைக்கிள், இறக்க இரண்டு, நடுவில் நான்கைந்து நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை). எச்எக்ஸ்711-க்கு 0.2 மைக்ரோசெகண்ட் கிடைத்தாலே போதும், அது 16 மெகாஹெர்ட்ஸில் மூன்று சொச்சம் சைக்கிள்தான்.

அடுத்தது உங்கள் 1550. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை இப்போது அழுந்தியிருக்கிறது என்பதைத்தான் அனுப்புகிறது. 5-ஐ அனுப்பிவிட்டு மறுபடி 5-ஐ அனுப்பினால் கணினியைப் பொறுத்தவரை விரலை எடுக்கவே இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பிறகு எல்லாம் பூஜ்யமாக ஒரு ரிப்போர்ட் (விசைகளின் நிலையைச் சொல்லும் தகவல்) அனுப்புங்கள், அதுதான் விசையை விட்டதற்கு அடையாளம். முந்தைய ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததா என்று யூஎஸ்பிஇன்டரப்ட்இஸ்ரெடி சொன்ன பிறகே அடுத்ததை வையுங்கள். நான்கு இலக்கமும் என்டரும் சேர்த்துப் பத்து ரிப்போர்ட், பத்து மில்லிசெகண்ட் வீதம் நூறு மில்லிசெகண்டில் முடியும்.

விசை எண்கள் 1-க்கு 30, அங்கிருந்து ஏறிக்கொண்டே போய் 9-க்கு 38, ஆனால் 0-க்கு 39, என்டருக்கு 40. பூஜ்யம் கடைசியில் வருவதைக் கவனிக்காமல் கூட்டல் போட்டால் 0 அழுத்தும்போது வேறு ஏதாவது வரும். எண் பலகையின் விசைகளை அனுப்பாதீர்கள், நம்லாக் அணைந்திருந்தால் கர்சர் ஊரெல்லாம் சுற்றும். கிலோவும் புள்ளியும் வேண்டாம், முழு கிராமாக அனுப்பிவிட்டு ஸ்பிரெட்ஷீட்டில் வகுத்துக்கொள்ளலாம்.

எல்சிடிக்காக எங்காவது அரை செகண்ட் டிலே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வி-யூஎஸ்பியின் யூஎஸ்பிபோல் ஃபங்க்‌ஷனை 50 மில்லிசெகண்டுக்குள் ஒரு தடவையாவது கூப்பிட வேண்டும். எச்எக்ஸ்711 தயாராகும்வரை வாசலில் நிற்கிற லூப் இருந்தால் அதற்குள்ளும் கூப்பிடுங்கள். மேடை வினாடிக்கு 10 அளவு வேகத்தில் இருந்தால் ஒரு அளவுக்கு 100 மில்லிசெகண்ட், சும்மா காத்திருக்கும் லூப் அந்த நேரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும்.

புதுவரவு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், யூஎஸ்பி என்பதால் இங்கேயே கேட்கிறேன். என்னிடம் இருப்பது புளூ பில் பலகை, எஸ்டிஎம்32எஃப்103 சிப். செருகினால் ஒரு கணினியில் வருகிறது, இன்னொன்றில் அடையாளம் தெரியாத சாதனம் என்று வருகிறது. கேபிள் மாற்றியாகிவிட்டது.

ஊதாகம்பி:

டேட்டா கம்பி உள்ள கேபிள்தான் என்று மீட்டரில் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், சார்ஜுக்கு மட்டும் என்று விற்கிற கேபிள் நிறைய பேரின் மாலையைத் தின்றிருக்கிறது. அது சரியென்றால் உங்கள் பலகையில் ஆர்10 என்ற ரெசிஸ்டரைப் பாருங்கள். முழுவேக யூஎஸ்பிக்கு டி+ கம்பியில் 1.5 கிலோஓம் மேலிழுப்பு இருக்க வேண்டும், பல புளூ பில்களில் அந்த இடத்தில் 10 கிலோஓம் இருக்கிறது. பொறுமையான கணினி ஏற்கும், மற்றது கைவிரிக்கும். அந்தச் சின்ன ரெசிஸ்டரைப் பிடுங்க வேண்டாம், பிஏ12 காலுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 1.8 கிலோஓம் ஒன்றை வைத்துவிடுங்கள், 10-ம் 1.8-ம் பக்கவாட்டில் சேர்ந்து 1.5 வந்துவிடும். அந்த சிப்பில் யூஎஸ்பியும் கேன் பஸ்ஸும் ஒரே 512 பைட் நினைவகத்தைப் பங்கு போடுகின்றன, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனித் திரி தொடங்குங்கள்.

எடைக்கல், உங்களிடம் மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் கவலை. 9 வோல்ட் அடாப்டரும் யூஎஸ்பியும் ஒரே நேரத்தில் செருகியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? 7805-ன் 5 வோல்ட்டும் கணினியின் 5 வோல்ட்டும் ஒரே கம்பியில் சேரக் கூடாது. அடாப்டர் இல்லாதபோது யூஎஸ்பி மின்சாரம் 7805-ன் வாலிலிருந்து தலைக்கு ஏறும், அதுவும் நல்லதல்ல. இந்த மேடை கணினி இல்லாமல் ஓட வேண்டிய தேவை இல்லையென்றால் 7805-ஐயே கழற்றிவிடுங்கள். சிப், எல்சிடி, அதன் பின்விளக்கு, எச்எக்ஸ்711 எல்லாம் சேர்ந்தும் 100 மில்லிஆம்பியருக்குள் அடங்க வேண்டும், மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அடங்கினால் டிஸ்கிரிப்டரில் (சாதனம் தன்னைப் பற்றிக் கணினிக்குத் தரும் விவரம்) 100 என்றே எழுதலாம். தனியாகவும் ஓட வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு 1என்5819 ஷாட்கி டயோடு.

பழைய சர்க்யூட்டில் 5 வோல்ட்டுக்கு 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி விதிப்படி செருகும் கணத்தில் கணினி பார்க்கும் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது, பெரிய டப்பாவைப் போட்டால் செருகும்போது போர்ட்டே ஒரு கணம் படுத்து எழும். கணினி பக்கமிருந்து வரும் 5 வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் எடை மாறாது, லோடு செல்லுக்குப் போகிற மின்னழுத்தத்தையே எச்எக்ஸ்711 அளவுகோலாகவும் வைத்துக்கொள்கிறது. ஆனால் மெல்லிய நீளக் கேபிள் வேண்டாம். ஒரு அரை ஆம்பியர் பாலிஃபியூஸ் (தானாக மீளும் ஃபியூஸ்) சாக்கெட்டுக்கு அடுத்தே போடுங்கள், டாட் போர்டில் ஒரு சால்டர் துளி வழிந்தால் போவது அக்காவின் லேப்டாப்.

ராத்திரிஷிப்டு:

சாக்கெட் என்ன போட்டீர்கள்? டாட் போர்டில் மைக்ரோ யூஎஸ்பி போட்டால் நாலு தடவை செருகினால் செம்போடு பிய்ந்து வரும். பிரிண்டரில் இருக்கும் அந்தச் சதுர டைப்-பி சாக்கெட்தான் நல்லது. கால்கள் டாட் போர்டின் துளைகளில் அப்படியே உட்காராது, கொஞ்சம் வளைக்க வேண்டும், பக்கவாட்டு இரும்புக் கால்களுக்குத் துளையைப் பெரிதாக்க வேண்டும். அதைச் செய்தால் பலகை உடைந்தாலும் சாக்கெட் நிற்கும்.

யாராவது டைப்-சி போடச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். சிசி1, சிசி2 இரண்டு கால்களுக்கும் தனித்தனி 5.1 கிலோஓம் தரைக்கு வேண்டும். அவை இல்லாவிட்டால் ஏ-டு-சி கேபிளில் ஓடும், சி-டு-சி கேபிளில் மின்சாரமே வராது. இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டினால் உள்ளே சிப் உள்ள சில கேபிள்களில் நின்றுவிடும். 2019-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை 4 பலகைகளில் இருந்த சிக்கல் இதேதான்.

எடைக்கல்:

டைப்-பி சாக்கெட்தான், பழைய ஸ்கேனரிலிருந்து எடுத்தது. 7805 கழற்றியாகிவிட்டது, மொத்தம் 100-க்குள் வருகிறது, பின்விளக்குக்கு ரெசிஸ்டரை மட்டும் ஏற்றினேன்.

எட்டுபிட் சொன்னபடி பிட்டுக்குப் பிட்டு இன்டரப்ட்டை அணைத்துத் திறக்கும்படி படிக்கும் பகுதியை நானே எழுதினேன், நூலகத்தை விட்டுவிட்டேன். டிங் சத்தம் நின்றுவிட்டது, எடையும் குதிக்கவில்லை. 1550 என்று வைத்தால் 1550 விழுகிறது. பட்டனை அழுத்தினாலும் எடை நிலைப்பட்ட பிறகே தட்டும்படி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் பார்சலை வைக்கும்போதே அவசரப்பட்டு அழுத்திவிடுவார். இரண்டு சந்தேகம் பாக்கி. ஆர்டுயினோவின் மில்லிஸ் (மில்லிசெகண்ட் எண்ணும் ஃபங்ஷன்) ஓடவிட்டால் யூஎஸ்பிக்குத் தொந்தரவா? அப்புறம், இதே போல இன்னொன்று செய்து தரச் சொல்லி அக்காவின் தோழி கேட்கிறார், கொடுக்கலாமா?

எட்டுபிட்:

மில்லிஸுக்குப் பின்னால் இருக்கும் டைமர்0 இன்டரப்ட் 25 சைக்கிளைவிட நீளம், அது ஓடும்போது பாக்கெட் வந்தால் தவறும், கணினி மறுபடி கேட்கும், பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சுத்தமாக வேண்டுமென்றால் அந்த இன்டரப்ட்டை அணைத்துவிட்டு டைமர்1-ஐ லூப்பில் நேராகப் படியுங்கள். நீங்களே இன்டரப்ட் எழுதினால் உள்ளே நுழைந்த உடனே மற்றவற்றைத் திறந்துவிடும் நோபிளாக் வகையாக எழுதுங்கள்.

இன்னொன்று செய்வதானால் யூஎஸ்பி அடையாள எண்ணைக் கவனியுங்கள். விற்பனையாளர் எண் சொந்தமாக வாங்க யூஎஸ்பி அமைப்பு 6000 டாலர் கேட்கிறது, நமக்கு ஆகாது. வி-யூஎஸ்பி கோப்புகளோடு பொதுவில் பகிர்ந்துகொள்ளும் எண்களும் அவற்றின் விதிகளும் இருக்கின்றன, விசைப்பலகைக்கென்று தனியாக ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்தி விதிப்படி உற்பத்தியாளர் பெயர், சாதனப் பெயர் வரிகளை நிரப்புங்கள். திட்டத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டால் பிஐடி.கோட்ஸ் என்ற இடத்தில் 1209 என்ற எண்ணின் கீழ் இலவசமாகவும் ஒன்று வாங்கலாம்.

ஊதாகம்பி:

தோழி இதை வைத்து எதை எடை போடப் போகிறார் என்று கேளுங்கள். கூரியர் சீட்டுக்கு எழுத என்றால் சரி. வாடிக்கையாளருக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்து விற்க என்றால் கொடுக்க வேண்டாம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி வியாபாரத்தில் நிறுக்கும் கருவிக்கு அரசு முத்திரை வேண்டும், டாட் போர்டுக்கு யாரும் முத்திரை போட மாட்டார்கள்.

ராத்திரிஷிப்டு:

இரண்டாவதைப் புரோ மைக்ரோவில் செய்யுங்கள்.

எடைக்கல்:

தோழியும் கூரியருக்குத்தான் கேட்கிறார், விசாரித்துவிட்டேன். புரோ மைக்ரோ வாங்கியாகிவிட்டது அண்ணா, பிட் படிக்கும் கோடை மட்டும் பழையதிலிருந்து எடுத்துப் போடுகிறேன். அதில் இன்டரப்ட் அணைத்துத் திறப்பது தேவையா?

ராத்திரிஷிப்டு:

அப்படியே விடுங்கள். 32யூ4-லும் யூஎஸ்பிக்கு இன்டரப்ட் வரும், பாக்கெட்டை வன்பொருள் பார்த்துக்கொள்வதால் அவசரம் இல்லை, அவ்வளவுதான். எச்எக்ஸ்711-ன் 60 மைக்ரோசெகண்ட் எந்த சிப்பிலும் அதே 60-தான்.